டிரஸ்டியும் கடைக்காரரும்

சுங்கைப் பட்டாணியில் தோட்டத்துப் பிள்ளைகளின் பந்தாட்டத்துக்கென ஒரு சிறு தர்ம நிதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரஸ்டி ஒருவருக்குக் காலணிக் கடை. அவரிடமே வாங்கலாமா?

1726ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ரோம்போர்டு சந்தைக் குத்தகையை ஒரு சிறுவனுக்காக வைத்திருந்தார் ஒரு டிரஸ்டி. சிறுவனுக்குப் புதுப்பித்துத் தர உரிமையாளர் மறுக்கவே, தம் பேருக்கு எடுத்துக்கொண்டார். மோசடி ஏதுமில்லை. ஆயினும் லாபம் சிறுவனுக்கே என்று தீர்ப்பாயிற்று. அமானிதத்தின் வழியே சொந்த ஆதாயம் கூடாதென்பதே காரணம்.

ஆகவே, முதலில் நிதியின் விதிகள் இடந்தருமா என்று பார்க்க. இடந்தந்தால், டிரஸ்டி தம் கடைத் தொடர்பை முன்கூட்டிச் சொல்லி மினிட்டில் பதியச் செய்க. மூன்று கடைகளில் விலை கேட்க. முடிவெடுக்கும்போது அவர் வெளியே இருக்கட்டும். மலிவாய்க் கொடுக்க மனமிருந்தால், நன்கொடையாகவே கொடுக்கட்டும், பேச்சுக்கே இடமிராது.