வானில் அணையாத பொறி

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. 1937இல் வேர்ன்ஸ் விமானச் சேவை சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைத்தது. அச்சேவையின் சிறு விமானங்கள் பெட்ரோல் இயந்திரத்தால் பறந்தன. இத்தகைய இயந்திரத்தின் உயிர்நாடி, எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியாகும். பொறி நின்றுபோனால் காரைச் சாலையோரமாக நிறுத்திவிடலாம். நடுவானில் அதற்கு வழியில்லை.

இப்பொறி எவ்வாறு பிறக்கிறது? மின்கலம் தருவது ஏறத்தாழ 12 வோல்ட் மட்டுமே. பொறி இடைவெளியைத் தாண்டப் பல்லாயிரம் வோல்ட் தேவை. இவ்வேலையைப் பற்றவைப்புச் சுருள் செய்கிறது. இரும்பு உள்ளகத்தைச் சுற்றி இரண்டு கம்பிச் சுற்றுகள் இருக்கும். முதல் சுற்றில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் உருவாகும். மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால் அப்புலம் சரிந்து, பன்மடங்கு நீளமான இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் எழும். சரியான நொடியில் துண்டிக்கும் மின்னணுச் சுவிட்சே இக்னைட்டர். அதன் உள்ளே இருப்பது குறைக்கடத்தி. 1972 முதல் பாயான் லெப்பாஸில் பெருகிய மின்னணுத் தொழிற்சாலைகள் குறைக்கடத்தித் துறையில் பினாங்குக்குப் பெயர் தேடித் தந்துள்ளன.

வெளிநாடுகளில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டுவோரில் சிலர் மஸ்டா காரின் சுழலி இயந்திரத்தைப் பொருத்துகின்றனர். ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய இவ்வகை இயந்திரத்தில் பிஸ்டன்கள் இல்லை. முக்கோண வடிவச் சுழலி சுற்றுகிறது. இதன் எரியறை நீண்டு ஒடுங்கியது. எனவே, மஸ்டா இயந்திரத்தில் சுழலி ஒன்றுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உள்ளன. ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று, வலு சற்றுக் குறைந்தாலும், இயந்திரத்தை ஓட்டிச் செல்லும்.

ஆயினும், இரண்டு பிளக்குகளும் ஒரே இக்னைட்டரை நம்பியிருந்தால் பயனென்ன? இக்னைட்டர்கள் இரண்டாக இருந்தும் மின்சாரம் ஒரே கம்பி வழியாக வந்தால், அந்தக் கம்பி அறுந்ததும் இரண்டும் ஒருசேர ஓய்ந்துவிடும். ஆகவே, கவனமுள்ளோர் சுருள், இக்னைட்டர், கம்பி, மின்கலம் எனத் தொடக்கம் முதல் இறுதி வரை தனித்தனிப் பாதை அமைக்கின்றனர்.

அத்துடன் வேலை முடிவதில்லை. இரட்டைப் பற்றவைப்பு கொண்ட விமானத்தின் ஓட்டுநர், புறப்படுமுன் ஒரு பாதையை நிறுத்தி, இயந்திரத்தின் சுழல்வேகத்தைக் கவனிப்பார். பின்னர் மற்றதையும் அவ்வாறே சோதிப்பார். வேகம் சற்றுக் குறைவது இயல்பு. இயந்திரம் நின்றுவிட்டால், எஞ்சிய பாதை ஏற்கெனவே பழுதடைந்திருந்தது என்று பொருள். வேகம் சிறிதும் குறையாவிட்டால், நிறுத்திய பாதை உண்மையில் நிற்கவில்லையோ என்று ஐயுற வேண்டும்.

மாற்று ஏற்பாடு இருந்தால் போதாது. அது உண்மையிலேயே தனித்து இயங்குகிறதா என்பதைத் தரையில் இருக்கும்போதே உறுதிசெய்ய வேண்டும்.