சோர்ந்த பிள்ளையிடம் கேட்கத் தயங்கலாமா?

பெற்றோர்களே,

ஏறக்குறைய 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தைக் குமரப் பருவம் என்கிறோம். உலகெங்கும் இவ்வயதினருள் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு உள்ளதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே இதனை ஒரு குடும்பத்தின் இழுக்காகக் கருதி மறைத்தல் தகாது. காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடும் நாம், உள்ளம் நோயுற்றால் மட்டும் 'சோம்பல்', 'திமிர்' என்று பெயரிட்டு விடுகிறோம்.

அறிகுறிகள்

ஓரிரு நாளில் நீங்கும் வாட்டம் இயல்பானதே. இரண்டு வாரங்களுக்கு மேலும் அது நீடித்தால் கவனித்தல் வேண்டும். உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், உணவில் விருப்பமின்மை, நண்பரையும் விளையாட்டையும் விட்டு விலகுதல், படிப்பில் திடீர்ச் சரிவு, அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி ஆகியவை சில அறிகுறிகள். இப்பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படுவதுண்டு.

கேட்கும் முறை

1. பிறர் முன்னிலையில் கேட்கலாகாது. காய் நறுக்கும்போதோ, இருவரும் நடந்து செல்லும்போதோ கேட்பது நன்று.

2. "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்பது குற்றம் சாட்டுவதாக ஒலிக்கும். "சில நாளாக நீ சரியாக உறங்கவில்லையே, என்னம்மா வருத்தம்?" என்று, கண்டதைச் சொல்லிக் கேளுங்கள்.

3. பிள்ளை பேசும்போது இடைமறிக்க வேண்டா. "இதெல்லாம் ஒரு கவலையா?" என்னும் ஒரு சொல் போதும், அது மறுபடி வாய் திறவாது.

4. "நான் இருந்து என்ன பயன்?" என்பது போன்ற பேச்சு வந்தால், "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 'ஆம்' எனில் பிள்ளையைத் தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தேர்வு முடிவு நாளில்

பொதுத் தேர்வில் மாநில, மாவட்டத் தரவரிசை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. அரசே கைவிட்ட வழக்கத்தை, உறவினர் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டி, நாம் வீட்டில் தொடரலாமா? தவறிய பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதிக் கொள்ளலாம். முடிவு வருமுன்னரே, "எது வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, மேற்கொண்டு செய்வதைச் சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லி வையுங்கள். முடிவு வந்த பின் சொல்வதினும் அதற்கு வலிமை மிகுதி.

சிந்திக்க

1. கடந்த ஒரு வாரத்தில், படிப்பைப் பற்றியல்லாமல் பிள்ளையிடம் எத்தனை முறை பேசினோம்?

2. துன்பம் வந்தால் அது முதலில் யாரிடம் சொல்லும்? அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கிறாரா?