'வாயுப் பிடிப்பு'ன்னு விட்டுடாதீங்க: கணைய அழற்சியில் முதல் நாள்

மேல் வயிற்றில் திடீரென வலி. முதுகு வரை ஊடுருவுகிறது, மல்லாந்து படுத்தால் கூடுகிறது. வாந்தி எடுத்தும் நிற்கவில்லை. நம்ம கரிசல் பக்கம் உடனே 'வாயு'ன்னு ஒரு சோடா குடிப்போம். வாயுவாகவும் இருக்கலாம்தான். ஆனால் விடாமல் வலித்தால் அது கணைய அழற்சியாகவோ மாரடைப்பாகவோ இருக்கலாம். விடியட்டும்னு காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. பித்தப்பைக் கல் வழியை அடைத்தாலோ, மதுவாலோ, அது சுரக்கும் செரிமான நொதிகள் அதையே அரிக்கத் தொடங்கும். அதனால் டாக்டர் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால் மறைக்காதீங்க. பழைய ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் நேரம் மிச்சம்.

கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்தவர்களுக்குக் கோவில்பட்டி அரசு மருத்துவமனை இருக்கிறது. ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் 3 மடங்குக்கு மேல் கூடியிருந்து, வலியும் பொருந்தினால் நோய் உறுதி. கல் இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேன் பார்ப்பார்கள். 'சி.டி. ஏன் எடுக்கலை?'ன்னு கோபப்பட வேண்டாம்; பாதிப்பு முழுதாகத் தெரியவே 3 நாள் ஆகும்.

முதல் நாளின் முக்கிய மருந்து குளுக்கோஸ் பாட்டில் என்று நாம் சொல்லும் திரவம்தான், பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட். வெயிலில் வேலை பார்த்து ஏற்கெனவே நீர் வற்றிய உடம்புக்கு இது ரொம்ப அவசியம். அதற்காக 'இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க'ன்னு வற்புறுத்தக் கூடாது. இந்தியா உட்பட 4 நாடுகளில் 249 நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், வேகமாக நிறைய ஏற்றியவர்களுக்குப் பலன் கூடவில்லை. உடம்பில் நீர் கோர்ப்பதுதான் அதிகமானது. எவ்வளவு ஏற்றுவது என்பதற்குச் சிறுநீரின் அளவும் ஒரு கணக்கு. நர்ஸிடம் காட்டாமல் அதைக் கொட்டிவிடாதீங்க.

வலிக்கு ஊசி உண்டு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம், கேளுங்கள். கிருமித் தொற்று இல்லாமல் ஆன்டிபயாடிக் தேவையில்லை. நாள் கணக்கில் பட்டினி போடும் வழக்கமும் மாறிவிட்டது. வாந்தி அடங்கினால் 24 மணி நேரத்துக்குள்ளேயே கஞ்சி, இட்லி போன்ற எண்ணெய் இல்லாத உணவு தருவார்கள். டாக்டர் சொன்ன பிறகு மட்டும் கொடுங்கள்.

5 பேரில் 4 பேருக்கு இது லேசாக வந்து சரியாகிவிடும். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே சொல்லுங்கள். தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் கிளம்புங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

பித்தப்பைக் கல்தான் காரணம் என்றால், லேசான நோயில் வீடு திரும்புமுன் பித்தப்பையை அகற்றுவதே நல்லது. 'அறுவடை முடியட்டும்'னு தள்ளிப்போட்டால் அடுத்த வலி அதுக்கு முன்னாடியே வந்துடலாம்.