வீடு திரும்பும் பயணமும் காரின் காற்றுப்பையும்

மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நாள் குடும்பத்தாருக்கு மகிழ்ச்சியான நாள். அன்று மருந்து உண்ணும் நேரம், உணவுக் கட்டுப்பாடு, மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதி ஆகியவற்றைப் பலரும் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொள்கின்றனர். ஆனால் காரில் யார் எங்கே அமர வேண்டும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அதனால் மருத்துவமனையின் வாயிலில் அந்த முடிவு அவசரத்தில் எடுக்கப்படுகிறது. "முன்னால் இடம் தாராளமாக இருக்கிறது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்காரம்மா" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் அன்போடு சொல்கிறார். தாயும் அவ்வாறே அமர்கிறாள். கைக்குழந்தைக்கு அந்தக் காரில் உள்ள மிக ஆபத்தான இடம் அதுவே என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

ஏன் அது ஆபத்தான இடம்? நோயாளிகளும் முதியோரும் கருவுற்ற பெண்களும் காரில் எவ்வாறு அமர வேண்டும்? ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை இயங்கும் முறையை அறிந்தால் இவற்றுக்கெல்லாம் விடை கிடைக்கும்.

ஒரு தந்தையின் எண்ணம்

1952-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் ஹெட்ரிக் என்பவர் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் சென்றுகொண்டிருந்தார். மகள் முன்னிருக்கையில் இருவருக்கும் நடுவே அமர்ந்திருந்தாள். சாலையில் எதிர்பாராது தென்பட்ட தடையைத் தவிர்க்க முயன்றபோது கார் பள்ளத்தில் இறங்கியது. அந்தக் கணத்தில் கணவன், மனைவி இருவரும் மகள் முன்னே மோதிவிடாதபடி தம் கைகளைக் குறுக்கே நீட்டினர். அனைவரும் தப்பினர். எனினும், கைகள் செய்த அந்த வேலையை ஒரு கருவி செய்ய இயலாதா என்ற எண்ணம் அவரை விடவில்லை. காரில் பொருத்தத்தக்க காற்று மெத்தை ஒன்றை அவர் வடிவமைத்து, 1953-இல் காப்புரிமை பெற்றார்.

அது நடைமுறைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கும், 2021 முதல் படிப்படியாக முன்னிருக்கைப் பயணிக்கும் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே அண்மையில் வாங்கிய எந்தக் காரிலும் முன்னிருக்கையில் அமர்பவருக்கு எதிரே ஒரு காற்றுப்பை மடிந்து கிடக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நொடியின் இருபதில் ஒரு பங்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்குள் இருப்பவரின் உடலும் அதே வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. கார் எதன் மீதேனும் மோதி நின்றாலும் உடல் உடனே நிற்பதில்லை. ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுபவர் தரையை அடையும் வேகம் அது. அந்த வேகத்தில் தலை ஸ்டியரிங் மீதோ கண்ணாடி மீதோ மோதுவதைத் தடுக்கவே காற்றுப்பை உள்ளது.

மோதலின் அதிர்வைக் காரில் உள்ள உணரிகள் அறிந்து, கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவிக்கின்றன. மோதல் கடுமையானது என்று அக்கருவி முடிவு செய்தால் பைக்குப் பின்னால் உள்ள வேதிப்பொருளைப் பற்றவைக்கிறது. அதிலிருந்து பெருகும் வாயு பையை நிரப்புகிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்துவிடுகின்றன. கண் இமைப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும். உடல் வந்து பையில் பதியும்போது, பின்புறத் துளைகள் வழியே வாயு வெளியேறிப் பை தளர்கிறது. இவ்வாறு தளர்ந்து கொடுப்பதால்தான் அது உடலை மெல்ல நிறுத்துகிறது.

இவ்வளவு விரைவில் நிரம்ப வேண்டுமானால் பை மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவர வேண்டும். முழுவதும் விரிந்த பின் வந்து சாய்பவருக்கு அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும்போதே அதன் முன்னே நெருங்கி இருப்பவருக்கு அது பலத்த அடி. காற்றுப்பையைப் பற்றி நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றே: அது காப்பதும் தாக்குவதும் நாம் அதனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அந்தத் தூரத்தைக் காத்துத் தருவது சீட் பெல்ட். பெல்ட் அணியாதவர், பிரேக் அழுத்தப்பட்ட உடனேயே முன்னால் சரிந்து, பை வெளிவரும் இடத்துக்கே போய்விடுகிறார். ஸ்டியரிங் மீதும் டேஷ்போர்டு மீதும் பொறிக்கப்பட்டுள்ள எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளின் பொருள் 'துணைக் காப்பு அமைப்பு' என்பதாகும். முதற்காப்பு சீட் பெல்ட். காற்றுப்பை அதற்குத் துணை மட்டுமே.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீட்டின்படி 1987 முதல் 2017 வரை முன்பக்கக் காற்றுப்பைகள் அந்நாட்டில் 50,457 உயிர்களைக் காத்தன. அதே நாட்டில் 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக மோதல்களில் காற்றுப்பை விரிந்ததனாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் அணியாதவர்கள் அல்லது சரியாக அணியாதவர்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் பலர். பைகளின் விசை பின்னர் குறைக்கப்பட்டது. ஆயினும் நெருங்கி அமர்வதன் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை.

மடி ஏன் பாதுகாப்பல்ல?

2024-ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், முன்னிருக்கையில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை, மோதலில் காற்றுப்பை விரிந்தபோது உயிரிழந்தது. அதே ஆண்டின் இறுதியில் நவி மும்பையில் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஆறு வயதுச் சிறுவனும் அவ்வாறே இறந்தான். இரண்டு நிகழ்வுகளிலும் பை செய்ய வேண்டியதையே செய்தது. அதன் முன்னே இருக்கக் கூடாத ஒருவர் இருந்ததே துயரத்துக்குக் காரணம்.

மடியில் இருக்கும் குழந்தை பைக்கும் தாயின் மார்புக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. காற்றுப்பையே இல்லாத காரிலும் கைகளால் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய காரின் முன்பகுதி அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். அப்போது 5 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஏறத்தாழ 80 கிலோ மூட்டையைத் தூக்கும் வலிமை வேண்டும், அதுவும் எதிர்பாராத கணத்தில். தாயின் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் எவருடைய கைகளுக்கும் அந்த வலிமை இல்லை.

எனவே குழந்தைகளின் இடம் பின்னிருக்கையே. பிறந்த குழந்தையைக் காரின் பின்புறம் நோக்கி வைக்கும் குழந்தை இருக்கையில், அதன் பட்டைகளைப் பூட்டி, பின்னிருக்கையில் கொண்டுசெல்ல வேண்டும். இவ்வகை இருக்கையை, இயங்கும் நிலையில் உள்ள காற்றுப்பைக்கு எதிரே முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பை விரிந்தால் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள பகுதியையே அது நேராகத் தாக்கும். வளர்ந்த குழந்தைகளும் 12 வயது முடியும்வரை பின்னால் அமர்வதே நல்லது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிக் காரில் அழைத்துச் செல்வது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்துக்கு உரிய குற்றமுமாகும். பிரசவத்துக்கென உடைகளும் தொட்டிலும் வாங்கும்போதே குழந்தை இருக்கை ஒன்றையும் வாங்கியோ உறவினரிடம் கேட்டுப் பெற்றோ வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் கேட்கும் ஐயங்கள்

*எனக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியுள்ளனர். காற்றுப்பையைச் செயலிழக்கச் செய்ய வேண்டுமா?* வேண்டியதில்லை. உடல்நிலையைக் கருதிக் காற்றுப்பையை யாருக்கு நிறுத்த வேண்டும் என்பதை ஆராய 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருத்துவ வல்லுநர்கள் கூடினர். பேஸ்மேக்கர், ஆஸ்துமா, மூக்குக்கண்ணாடி, நெஞ்செலும்பைத் திறந்து செய்யப்பட்ட அறுவை, கர்ப்பம், முதுமை ஆகிய எவையும் அதற்குத் தக்க காரணங்கள் அல்ல என்பதே அவர்களின் முடிவு. எலும்பு மெலிவு, மூட்டுவாதம் உள்ளவர்களும் பையிலிருந்து போதிய தூரத்தில் அமர இயலுமானால் அதை நிறுத்த வேண்டியதில்லை. உடலமைப்பின் காரணமாக அவ்வாறு தள்ளி அமரவே இயலாதவர்கள் தம் மருத்துவரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

*இதய அறுவைக்குப் பின் எங்கே அமர்வது?* நெஞ்செலும்பு கூடும்வரை பின்னிருக்கையில், பெல்ட் அணிந்து அமர்வது நல்லது. மீண்டும் கார் ஓட்டத் தொடங்கும் நாளை மருத்துவரே சொல்ல வேண்டும்.

*பெல்ட் தையலின் மீது உரசி வலிக்கிறது. கழற்றிவிடலாமா?* கூடாது. பட்டைக்கும் உடலுக்கும் இடையில் மெல்லிய துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். பருத்த தலையணை வேண்டாம். அது பெல்ட்டைத் தளர்த்திவிடும். சிசேரியன் ஆன தாய்மார்கள் கீழ்ப்பட்டையை வயிற்றின் மீது ஏறவிடாமல் இடுப்பெலும்பின் மீது தாழ்வாக அணிய வேண்டும்.

*கருவுற்றவர்கள் பெல்ட் அணியலாமா?* கட்டாயம் அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேட்டுக்குக் கீழே இடுப்பெலும்பின் மீதும், மேற்பட்டை மார்புகளின் நடுவே சென்று வயிற்றின் பக்கவாட்டிலும் அமைய வேண்டும். விபத்து சிறிதாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெளியே காயமே இல்லாத நிலையிலும் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிடக் கூடும்.

*நோயாளியை முன்னிருக்கையைச் சாய்த்துப் படுக்கவைக்கலாமா?* பராமரிப்பவர்கள் நல்லெண்ணத்தால் செய்யும் தவறு இது. சாய்ந்து கிடப்பவரின் உடல் மோதலின்போது பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிச் செல்லும். பட்டை வயிற்றை அழுத்தி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். படுத்தே செல்ல வேண்டியவருக்கு ஆம்புலன்ஸே ஏற்றது.

பை விரிந்த பிறகு

பை விரியும்போது பெருத்த ஓசை எழும். புகை போன்ற தூள் பரவும். கார் தீப்பற்றிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். பை சிக்கலின்றி விரிவதற்காகத் தூவப்படும் மாவுப்பொடியும், வாயுவின் எச்சமுமே அது. எனினும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். வெளியே இறங்குவது பாதுகாப்பானால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு வர வேண்டும். இயலாவிட்டால் கண்ணாடியை இறக்க வேண்டும். இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கண்ணில் தூள் பட்டால் கசக்காமல், நிறைய நீர்விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். முகத்திலும் கைகளிலும் சிராய்ப்போ சிறு தீக்காயமோ ஏற்படுவது உண்டு. ஒருமுறை விரிந்த பை மீண்டும் பயன்படாது; புதியதைப் பொருத்த வேண்டும்.

காரைப் பேணுபவர்கள் கவனத்துக்கு

டேஷ்போர்டின் மேல் ஒட்டப்பட்ட சாமி சிலைகளும் கைப்பேசித் தாங்கிகளும், பை விரியும்போது எறிகற்களாக மாறிவிடும். காற்றுப்பை உள்ள இடத்தின் மீது எதையும் ஒட்டாதீர்கள். இருக்கையின் பக்கத்தில் காற்றுப்பை உள்ள கார்களில், அதற்கென வடிவமைக்கப்படாத உறைகளைப் போட்டால் பை விரிவது தடைபடும். முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்புகள், மோதலை உணரிகள் சரியாக அறியவிடாமல் செய்யக் கூடும். அவற்றைப் பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. எஞ்சினை இயக்கியதும் ஒளிர்ந்து சில நொடிகளில் அணைய வேண்டிய காற்றுப்பை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் அமைப்பில் பழுது உள்ளது என்று பொருள். அதைத் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

புறப்படும் முன் அரை நிமிடம்

மருத்துவமனை வாயிலில் காரை எடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. குழந்தை பின்னிருக்கையில், தனக்குரிய இருக்கையில், பட்டை பூட்டிய நிலையில் உள்ளதா?
2. பின்னால் இருப்பவர்கள் உட்பட அனைவரும் பெல்ட் அணிந்துள்ளனரா? கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மீது உள்ளதா?
3. ஓட்டுநரின் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா? கைகள் ஸ்டியரிங்கின் இருபுறமும், கடிகாரத்தின் 9, 3 எண்கள் உள்ள இடங்களில் இருக்கின்றனவா?
4. முன்னிருக்கைப் பயணி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, நிமிர்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி அமர்ந்துள்ளாரா?

எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் தந்தையும் தம் மகளுக்காகக் குறுக்கே நீட்டிய கைகளிலிருந்து பிறந்தது இந்தக் கருவி. இன்று நம் குழந்தையைக் காக்க அந்தக் கைகள் செய்ய வேண்டியது, அதைப் பின்னிருக்கையில் அமர்த்திப் பட்டையைப் பூட்டுவதே. வீடு நலமாய்ச் சேருங்கள்.