அங்கியும் அரியணையும்

இரசாயனம் படிப்பவனுக்கு ஐரோப்பிய வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சமயத்தின் பெயரால் மூண்ட போர் ஒன்றைச் சிறு கணக்கொன்றினால் விளக்கிவிடலாம் என்று கண்டேன், அதனால் எழுதுகிறேன்.

பழைய ஜெர்மனியில் ஆயர் பலர் வெறும் சமயத் தலைவர்கள் அல்லர். வரி வாங்கினர், படை வைத்திருந்தனர், நாடு ஆண்டனர். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுவருக்கே உண்டு. அவருள் மூவர் மைன்ஸ், கொலோன், டிரியர் பேராயர்கள். 1555-இல் ஏற்பட்ட ஆக்ஸ்பர்க் உடன்பாடு, ஆள்வோன் சமயமே நாட்டின் சமயம் என வகுத்தது. விருப்பமில்லாத குடிமகன் உடைமையை விற்றுவிட்டு வெளியேறலாம். எத்தகைய பெருந்தன்மை! ஆயர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: புராட்டஸ்டண்டு ஆகிவிட்டால் பதவியை விட்டு இறங்க வேண்டும். புராட்டஸ்டண்டு அரசர்கள் இதை மனமார ஏற்கவில்லை.

1577-இல் கெப்ஹார்டு என்பவர் கொலோன் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக்னஸ் என்னும் மங்கையைக் காதலித்தார். 1582 இறுதியில் சமயம் மாறினார். 1583 பிப்ரவரியில் மணம் முடித்தார். பதவியைத் துறந்திருந்தால் கதை இனிது முடிந்திருக்கும். இவரோ மனைவியும் வேண்டும், மண்ணும் வேண்டும் என்றார். இங்கேதான் கணக்கு வருகிறது. எழுவரில் மூவர் ஏற்கெனவே புராட்டஸ்டண்டுகள். கொலோனும் சேர்ந்தால் நால்வர்! அடுத்த பேரரசர் எந்தச் சமயத்தவர் என்பதே மாறிவிடும். காதல் பற்றிய கவலையைவிட இந்தக் கூட்டல் பற்றிய கவலையே பலரை வாளெடுக்கச் செய்தது என்பது என் கருத்து.

போப்பாண்டவர் கெப்ஹார்டைச் சபையினின்று விலக்கினார். பவேரிய அரச குடும்பத்து எர்ன்ஸ்டு புதிய பேராயரானார். போர் மூண்டது. கோடெஸ்பர்க் கோட்டை பீரங்கிக்கு அசையவில்லை. குன்றைக் குடைந்து, சுமார் 1500 பவுண்டு வெடிமருந்து வைத்து, 1583 டிசம்பரில் தகர்த்தனர். அப்போதும் காவலர் பணியவில்லை; கழிவறைப் புழை வழியாக வீரர் சிலர் உள்ளே ஏறிச் சென்றனராம். காவியம் பாடுவோர் இதைப் பாடுவதில்லை!

1586-இல் ஸ்பெயினின் படைத்தலைவரான பார்மா கோமகன் நொய்ஸ் நகரைப் பிடித்தார். காவற்படை வெட்டுண்டது, நகரின் பெரும்பகுதி எரிந்தது. உங்களுக்கு எந்தச் சமயம் வேண்டும் என்று அந்நகரத்து ஏழை எளியவரை இரு தரப்பினரும் கேட்கவில்லை.

கெப்ஹார்டு 1588-இல் உரிமையைக் கைவிட்டு ஸ்டிராஸ்பர்க்கில் ஒதுங்கினார், 1601-இல் மறைந்தார். பவேரியக் குடும்பமோ கொலோன் பதவியை 1761 வரை விடவில்லை.

முப்பதாண்டுப் போர் 1648-இல் ஓய்ந்தபின், ஆஸ்னபுருக் நாட்டுக்கு விந்தையான ஏற்பாடு ஒன்று செய்தனர்: கத்தோலிக்கர் ஒருவர், அடுத்துப் புராட்டஸ்டண்டு ஒருவர் என்று ஆயர்கள் மாறி மாறி ஆள்வது. அம்முறைப்படி 1764-இல் ஆயராகத் தேர்வு பெற்றவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மகன் பிரடெரிக். வயது ஏழு மாதங்கூட நிரம்பவில்லை! 1803-இல் ஆயர் நாடுகள் ஏறத்தாழ எல்லாமே கலைக்கப்பட்டன.