இரண்டும் 12 வோல்ட் தானே என்று சேர்த்துக் கட்டலாமா?



நம்ம டிவிஷன்ல வேன் வைத்திருக்கும் தம்பி ஒருவர், கரண்ட் இல்லாத நேரம் வீட்டுக்கு லைட் எரியட்டும் என்று 100 அம்பியர் லித்தியம் பெட்டரி ஒன்று வாங்கினார். வேனின் பழைய அசிட் பெட்டரியோடு பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கட்டிவிட்டார். ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும் என்ற கணக்கு.

மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மழை ராத்திரி பிள்ளைத்தாச்சி ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகையில், பாதி வழியில் சிவப்பு லைட் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் ஹெட்லைட்டும் மங்கிப்போச்சு. நல்லவேளை, பின்னால் வந்த லொறிக்காரர் ஏற்றிப்போனார். மறுநாள் கராஜ் பாஸ் ஒல்டனேட்டரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே டயோட் எரிந்து கிடந்தது.

ஏன் அப்படி ஆனது? பீலித் தண்ணி பிடிக்கிற இரண்டு பீப்பாயை அடியில் குழாய் போட்டு இணைத்தால், மேலே நிற்கும் தண்ணி கீழே நிற்பதற்கு ஓடத்தானே செய்யும்? பெட்டரியும் அப்படித்தான். 12 வோல்ட் என்பது பேருக்குத்தான். அசிட் பெட்டரியில் 6 செல், முழுசா நிரம்பி ஓய்ந்து இருக்கும்போது ஏறக்குறைய 12.7 வோல்ட். லித்தியத்தில் (இரும்பு பொஸ்பேட் வகை) 4 செல், நிரம்பினால் சுமார் 13.3. இன்ஜின் நின்ற பிறகும் லித்தியத்தில் இருந்து அசிட்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அசிட் பெட்டரியில் ஒரு செல் செத்திருந்தால் கேட்கவே வேண்டாம், வயரே சூடாகிவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒல்டனேட்டருக்கு. அசிட் பெட்டரி நிரம்ப நிரம்ப தானே குறைத்து வாங்கும். லித்தியம் அப்படி இல்லை, கடைசி வரைக்கும் கொடுப்பதை எல்லாம் இழுக்கும். ஒல்டனேட்டரைக் குளிர வைக்கும் காற்றாடி இன்ஜினோடுதான் சுற்றுகிறது. ஆள் ஏற்ற நிறுத்தி இன்ஜினை மெதுவாக ஓடவிட்டால் காற்று குறைவு, சூடு அதிகம். லித்தியத்துக்கு உள்ளே காவல்காரன் மாதிரி ஒரு பலகை உண்டு. வோல்ட் கூடினாலோ சூடு ஏறினாலோ அது சட்டென்று வெட்டிவிடும். அந்த நேரம் ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட் துள்ளி எழும்பும். நல்ல அசிட் பெட்டரி இருந்தால் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். தம்பியுடையது ஏற்கனவே நொந்துபோனது.

அப்போ செய்யவே கூடாதா? செய்யலாங்க. இரண்டுக்கும் நடுவில் டி.சி. டு டி.சி. சார்ஜர் என்ற பெட்டி வேண்டும். அது அசிட் பக்கம் இருந்து அளவாக வாங்கி, லித்தியத்துக்கு ஏற்ற வோல்ட்டில் கொடுக்கும். இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். ஒல்டனேட்டர் 60 அம்பியர் என்றால் 20 அம்பியர் பெட்டி போதும், ஹெட்லைட்டுக்கும் வைப்பருக்கும் மிச்சம் வேண்டுமே. இரண்டு மணித்தியாலம் ஓடினால் 40 அம்பியர் அளவு ஏறும். 9 வோட் பல்பு நான்கு பத்து மணித்தியாலம் எரிய அது தாராளம். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒல்டனேட்டர் செலவையும் ஓடாமல் நின்ற நாட்களையும் கூட்டிப் பாருங்கள்.

பியூஸ் இரண்டு வேண்டும், ஒவ்வொரு பெட்டரிக்கும் கிட்ட ஒன்று. ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு, மற்றப் பக்கம் வயர் உராய்ந்து தகரத்தில் பட்டால் தீதான். முச்சக்கர வண்டியில் இந்த வேலையே வேண்டாம், அதன் மின்னாக்கி மிகச் சின்னது.

ஏற்கனவே சேர்த்துக் கட்டியிருப்பவர்கள் இன்ஜின் ஓடும்போது கழற்றாதீர்கள். நிறுத்தி, சாவியை எடுத்து, மோதிரம் காப்பு போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு, முதலில் மைனஸ், பிறகு பிளஸ். கழற்றிய வயர் நுனிகளில் டேப் சுற்றிவிடுங்கள்.