கூடையில் காத்த விதை

நுழையுமுன்

சோறாகும் அரிசியும் ரொட்டியாகும் கோதுமையும் கடைக்கு வருமுன் ஒரு வயலில் விளைந்தன. விளையுமுன் யாரோ ஒருவர் கையில் விதையாக இருந்தன. விதையைக் காத்த கைகள் சிலவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

தெலங்கானா மாநிலத்தில், ஐதராபாத்துக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஜஹீராபாத். அது பெரிதும் மழையை நம்பிப் பயிரிடும் வறண்ட பகுதி. அங்குள்ள சிற்றூர்களில் ஏழைப் பெண்கள் பலர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்தனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே மிகுதி. 1983ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு அவர்கள் ஊர்தோறும் ஒன்றுகூடினர்; தரிசு நிலங்களைத் திருத்தினர். சில ஊர்களில் பலர் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டனர், விளைந்ததைப் பகிர்ந்துகொண்டனர்.

அவ்வயல்களுக்கு உரம் சாணமும் மக்கிய எருவுமே. சோளம், தினை, சாமை, துவரை, அவரை, எள் எனப் பல பயிர்களை ஒரே நிலத்தில் கலந்து விதைக்கின்றனர். மழை குறைந்தால் ஒரு பயிர் வாடலாம். மற்றொன்று தாங்கி நிற்கும். துவரையின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும். வீட்டுக்குத் தானியமும் பருப்பும் எண்ணெயும், மாட்டுக்குத் தட்டையும் அந்த ஒரே வயல் தருகிறது.

நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுத்து விதைக்கென ஒதுக்குவர். உலர்த்திய விதையுடன் சாம்பலும் வேப்பிலையும் சேர்த்து மூங்கில் கூடையில் இட்டு, மண்ணும் சாணமும் கொண்டு மெழுகி மூடுவர். விதை இல்லாதவர் கேட்டால் கொடுப்பர். பெற்றவர் விளைச்சலுக்குப்பின் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தருவார். பணம் கைமாறுவதில்லை. கடன்பட்டு விதை வாங்கிய உழவருக்கு, மழை பொய்த்தால் கடனே மிஞ்சும். கூடையில் விதை வைத்திருப்பவரோ அடுத்த மழைக்கு மீண்டும் விதைக்கலாம். ஒருகாலத்தில் கூலிக்குக் காத்திருந்த பெண்ணின் வாசலில் இன்று பிறர் வந்து விதைக்குக் காத்திருக்கின்றனர்.

வயல் செய்திகளைப் பரப்பவும் அப்பெண்கள் வழி கண்டனர். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று, மாச்சனூர் என்னும் சிற்றூரில் ‘சங்கம் ரேடியோ’ தொடங்கியது. சிற்றூர்ப் பெண்களே நடத்தும் வானொலி அது. பயிர், உணவு, உடல்நலம், பாட்டு என அனைத்தையும் தம் பேச்சுமொழியிலேயே ஒலிபரப்புகின்றனர். நம் பொங்கலை ஒட்டிவரும் சங்கராந்தி நாள்களில், அலங்கரித்த மாட்டுவண்டிகளில் பழைய விதைவகைகளை ஏற்றி ஊர் ஊராகச் சென்று திருவிழாவும் நடத்துகின்றனர். 2019ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்குவேட்டர் பரிசு’ இச்சங்கத்துக்குக் கிடைத்தது.

சொல்லும் பொருளும்

தரிசு – பயிரிடப்படாத நிலம்
குத்தகை – பயிரிடுவதற்காக நிலத்தை ஒப்பந்தத்தில் பெறுதல்
தட்டை – கதிர் அறுத்தபின் எஞ்சும் தாள்
பொய்த்தல் – பெய்யாது போதல்

மொழியை அறிவோம்

தமிழும் தெலுங்கும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் சொல்லும் வித்து, மண், சாமை ஆகியவற்றைத் தெலுங்கர் வித்தனம், மன்னு, சாமலு என்பர்.

மதிப்பீடு

1. பல பயிர்களைக் கலந்து விதைப்பதன் பயன்கள் யாவை?
2. விதையைக் கூடையில் காக்கும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
3. விதையை விற்காமல் கொடுத்துப் பெறுவதால் யாருக்கு நன்மை? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. பிரித்து எழுதுக: அவ்வயல், ஊர்தோறும், ஒன்றுகூடினர்.

செய்து பார்ப்போம்

உம் வீட்டுப் பெரியவர்களிடம் ஐந்து தானியங்களின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு எழுதுக. அவற்றை நீவிர் வாழும் மாநில மொழியில் எவ்வாறு அழைப்பர் என்பதை நண்பரிடம் கேட்டு, எதிரே தமிழ் எழுத்தில் எழுதுக.